சமத்து என்று நான் சொன்ன குழந்தை

போன வெள்ளிக்கிழமை உங்கள் முன்னால் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். புதிதாக ஆயா வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் என்னையே பார்த்தீர்கள்.  "எல்லாரும் நல்லா வேலை செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கைதட்டினீர்கள். எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் சொல்ல வேண்டியது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதைத்தான் எழுதித் தருகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். பிழைகளை மருமகள் திருத்தியிருக்கிறாள். அதற்கு மேல் இருக்கிற தப்பெல்லாம் என்னுடையது.

நான் குழந்தைகள் ஐ.சி.யூ.வில் ஆயாவாகச் சேர்ந்தது தொண்ணூற்று ஒன்றில். ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே வருவேன். அப்போது பெங்களூரில் காலைக் குளிரில் பல் கிட்டிக்கும். ஸ்வெட்டர் போட்டு, காதை மூடி மப்ளர் கட்டி வந்தாலும் விரல் மரத்துப் போகும். ஆனால் எங்கள் ரூம் எப்போதும் கதகதப்பாக இருக்கும். குழந்தைகளுக்காக அப்படி வைத்திருப்பார்கள். ஊரிலேயே அந்த மாதிரிச் சூடான இடம் வேறு கிடையாது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஏழரை மணி டியூட்டிக்கு ஏழுக்கே வந்துவிடுவோம். கடமை உணர்ச்சி என்று சிஸ்டர்கள் நினைத்துக்கொண்டார்கள். குளிர்தான் காரணம்.

உள்ளே போனதும் கை கழுவ வேண்டும். கழுவின கை ஜில்லென்று இருக்கும். அந்தக் கையால் பிள்ளையைத் தொடக் கூடாது. சூடு காட்டுகிற விளக்கின் கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்போம். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் எங்கள் வீட்டுக் கதை எல்லாம். யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை, யார் மாமியார் கோபித்துக்கொண்டு போனாள் என்று. இப்போது நினைத்தாலும் அந்தச் சூடு உள்ளங்கையில் இருக்கிறது.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். ஈரத் துணி மாற்றுவது, பால் புகட்டுகிற பாலாடையையும் கிண்ணத்தையும் கழுவிக் கொதிக்க வைப்பது, மாடி வார்டில் இருக்கிற தாய்மார்களிடம் பால் வாங்கி வருவது. ஊசி, மருந்து, மிஷின் எல்லாம் சிஸ்டர்கள் பாடு.

வெளியே இருக்கிறவர்கள் அந்த ரூமைக் 'கண்ணாடிப் பெட்டி ரூம்' என்பார்கள். குறைமாசப் பிள்ளைகளை வைக்கிற இடம் என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளே வந்தால், பத்துப் படுக்கையில் பத்து விதம். தோலுக்குள் ஓடுகிற நரம்பு தெரிய, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஏழாம் மாசத்தில் வந்துவிட்டது ஒன்று. நிறைமாசத்தில் பிறந்தும், அழ நேரமானதால் தலைக்குக் காற்றுப் போதாமல் வந்தது ஒன்று. தாய் வயிற்றுக்குள்ளேயே வெளிக்குப் போய், அந்தத் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சு முட்டினது ஒன்று. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழே, கண்ணைக் கட்டிக்கொண்டு, வெயில் காய்கிற பெரிய மனுஷர் மாதிரி மல்லாந்து கிடப்பது ஒன்று. உணவுக்குழாய் சேராமல் பிறந்து ஆபரேஷனுக்குக் காத்திருந்ததும் உண்டு. இரட்டையில் ஒன்று கொழுகொழு என்று மாடியில் தாயோடு இருக்கும், மற்றது எங்களிடம் எலும்பும் தோலுமாகக் கிடக்கும். ஒருத்தருக்குச் சரியானது இன்னொருத்தருக்கு ஆகாது. ஒன்றுக்குச் சூடு வேண்டும். இன்னொன்றுக்கு விளக்கு வேண்டும். ஒன்றுக்குத் துளிப் பால்கூட கொடுக்கக் கூடாது. பக்கத்துப் படுக்கைக்கு இரண்டு மணிக்கு ஒரு தரம் கொடுத்தே ஆக வேண்டும்.

இதை எல்லாம் எனக்குப் பாடம் எடுத்து யாரும் சொல்லவில்லை. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுகிற திட்டிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். அவர் தங்கவயல்காரர். ஒல்லியாக இருப்பார், குரல் மட்டும் அந்த ஊர் சுரங்கத்துச் சங்கு மாதிரி. பேரை எழுத வேண்டாம், இப்போது உயிரோடு இருந்தால் அதற்கும் திட்டுவார். அவருடைய சட்டங்களில் பெரிய சட்டம், வெளியே கூடைக்குப் போன அழுக்குத் துணி மறுபடி உள்ளே வரக் கூடாது. கிருமி வந்துவிடும். தப்பித் தவறி ஒருத்தி கொண்டுவந்தாள். அவளை அன்றைக்கே வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில், நீல விளக்குப் பாப்பாவுக்கு மஞ்சள் இறங்கின மாதிரி இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எத்தனாவது படிச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். டாக்டர்கள் இருக்கிற பக்கம் போனால் சுவரோடு சுவராகப் போவேன். கேட்டால் மட்டும் பதில். அதுவும் இரண்டு வார்த்தை.

அந்த இரண்டு வார்த்தையில் ஒன்றுதான் ஒரு குழந்தையைச் சாகக் கொடுக்க இருந்தது. தொண்ணூற்று நாலோ ஐந்தோ, வருஷம் சரியாக ஞாபகம் இல்லை. மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

தொம்மலூரிலிருந்து ரேணுகா என்று ஒரு பெண். கார்மெண்ட்ஸில் தையல் வேலை. சர்க்கரை வியாதி. இதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள், இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஒன்பதாம் மாசம் வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று பிறந்து ஒரு நாள் இருந்தது. மூன்றாவதாக இந்தப் பையன். முந்தின நாள் சாயந்திரம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நாலரைக் கிலோ.

தாய்க்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளை பெரிசாக இருக்கும், கொஞ்ச நாள் பார்த்து அனுப்புவார்கள் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். காலையில் நான் போனபோது ஏழாம் நம்பர் படுக்கையில் ரோஜா நிறத்தில், கை காலெல்லாம் மடிப்பு மடிப்பாக, படுக்கையை அடைத்துக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் ஒன்றேகால் கிலோ, ஒண்ணரைக் கிலோ என்று சிட்டுக்குருவிகள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இவன் பொறந்து ரெண்டு மாசம் ஆச்சு, இங்க வேலைக்கு வந்திருக்கான்" என்றாள் என்னோடு இருந்த ஆயா.

"இருக்கட்டும், மத்ததுங்களுக்கு செக்யூரிட்டி வேணாமா?" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். அவரே அப்படிச் சொன்னால் நாங்கள் கேட்கவா வேண்டும்? அன்று முழுக்க அவனுக்கு செக்யூரிட்டி என்றுதான் பேர்.

எட்டு மணிக்கு ரூமே அதிர அழுதான். பாலாடையில் கொடுத்த பாலை மடக்கு மடக்கென்று குடித்தான். ரேணுகாவிடம் சீம்பால் கொஞ்சம்தான் வந்தது. நான் மாடிக்குப் போய்க் கிண்ணத்தில் வாங்கி வருவேன். மீதிக்குச் சிஸ்டர்கள் பவுடர் பால் கலந்துகொள்வார்கள்.

பத்து மணிக்குச் சிஸ்டர் பால் கொடுத்து முடித்துப் போன பிறகு நான் துணி மாற்றப் போனேன். கன்னத்துக்குக் கீழே துணி பாலாக நனைந்திருந்தது. கக்கிவிட்டான் என்று நினைத்தேன். பிள்ளைகள் கக்குவது புதிதா? துடைத்தேன், புதுத் துணி விரித்தேன், நனைந்ததைக் கொண்டுபோய் வெளியே கூடையில் போட்டேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. நல்ல தூக்கம் என்று எனக்குச் சந்தோஷம்.

பதினொரு மணிக்கு மாடிக்குப் போனேன். ரேணுகாவால் எழுந்திருக்க முடியாது, தையல் இழுக்கும். கீழே வந்து பிள்ளையைப் பார்க்க வழியில்லை. நான் சொல்வதுதான் அவளுக்குப் பிள்ளை. என் தலை வாசலில் தெரிந்ததும் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எப்டி கீறான்க்கா?"

"சமத்தா தூங்குறாம்மா. அழவே இல்ல."

"அழல? நெஜமாவா?" முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊட்டுக்காரரு மாதிரி. அந்த ஆளும் தின்னுட்டுப் படுத்தா இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டாரு."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். ரேணுகா சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், தையல் வலித்தது. "மொதல் ரெண்டும்தான் அப்டி ஆச்சு. இவனாவது சமத்தா பொறந்தானே" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சினாள். கிண்ணத்தின் அடி நனைந்தது, அவ்வளவுதான். அதை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிப் பாலுக்குப் பிறகும் துணி நனைந்திருந்தது. அதையும் மாற்றினேன். என் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எந்தப் படுக்கையிலும் ஈரத் துணி இரண்டு நிமிஷம் கிடக்காது. அந்தப் பெருமைதான் கண்ணை மறைத்தது. இன்சார்ஜ் சிஸ்டர் அந்தப் பக்கமாக வேகமாகப் போனார். போகிற போக்கில் கேட்டார்.

"செக்யூரிட்டி எப்டி இருக்கான் சரோஜம்மா?"

"தூங்குறான் சிஸ்டர். சமத்து."

"ஜாண மரி" என்று கன்னடத்தில் கொஞ்சிவிட்டுப் போய்விட்டார். மரி என்றால் குட்டி. நாம் சமத்து என்பதைக் கன்னடக்காரர்கள் ஜாண என்பார்கள். இரண்டு பாஷையிலும் அழாத பிள்ளைக்குத்தான் அந்தப் பட்டம்.

அவனுக்குக் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டிய நேரம் இரண்டு மணி. ஒன்றே முக்காலுக்குப் பிரசவ ரூமிலிருந்து ஒரு பிள்ளையை ஓடிக்கொண்டே கொண்டுவந்தார்கள். ஒரு கிலோகூட இல்லை. நீலமாக இருந்தது. மூச்சு இல்லை. சிஸ்டர்களுக்கு டியூட்டி மாறுகிற நேரம். காலை ஆட்கள், மதியம் ஆட்கள் எல்லோரும் அந்த மூலைக்குப் போனார்கள். டாக்டர் சின்னப் பலூன் மாதிரி இருக்கிற பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்சார்ஜ் சிஸ்டர் குனிந்து இரண்டு விரலால் நெஞ்சை அமுக்கிக்கொண்டு எண்ணினார். ரூமில் அந்த எண்ணுகிற சத்தம் மட்டும்தான்.

ட்ரெய்னிங்கில் இருந்த ஒரு சின்ன சிஸ்டர் ஏழாம் நம்பருக்கு இரண்டு மணிப் பாலைக் கொடுத்துவிட்டு, அவளும் அந்தப் பக்கம் ஓடினாள். நான் துணி மாற்றப் போனேன். மறுபடியும் ஈரம். இந்தத் தடவை துடைக்கும்போது அவன் உதடு என் விரலில் பட்டது. பால் உதட்டோரத்திலிருந்து தானாக வழிந்துகொண்டிருந்தது. கக்கவில்லை. விழுங்கவே இல்லை. கையைத் தூக்கினேன், விட்டால் தொப்பென்று விழுந்தது. விழுந்த கை மெல்ல நடுங்கிற்று. குளிரோ என்று போர்வையை இழுத்துவிட்டேன். போர்வைக்குள்ளும் நடுங்கிற்று.

எனக்கு எதுவும் புரியவில்லை. புரியாமலே பழக்கத்தில் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கூடை மூடியைத் திறந்தேன். மேலே என் இரண்டு துணி கிடந்தது. ஏழாம் நம்பரில் எடுத்தது, நான் மடிக்கிற மடிப்பு. பால் புளித்த வாசனை. கையில் மூன்றாவது.

மூணு வேளைப் பாலும் இங்கே இருக்கிறதே, அப்படியானால் அவன் வயிற்றில் என்ன இருக்கிறது?

கதவு வரைக்கும் வந்தேன். சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? அத்தனை பேரும் அந்தச் சின்ன உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போய் என்னவென்று கூப்பிடுவேன்? நாலரைக் கிலோப் பிள்ளை, ரோஜா நிறம், தூங்குகிறான். பால் வழிகிறது என்று சொன்னால், இப்போது இதுதான் முக்கியமா என்று கேட்பார்கள். எத்தனாவது படிச்சிருக்கீங்கம்மா? அந்தக் குரல் இன்னும் காதில் இருந்தது. ஒரு பத்து எண்ணுகிற நேரம் நின்றிருப்பேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், அந்தப் பத்து எண்ணுகிற நேரம் நின்றேன்.

பிறகு திரும்பிப் போய்க் கூடைக்குள் கையை விட்டு அந்த இரண்டு துணியையும் எடுத்தேன். மூன்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் தலையைத் தூக்கினார். அவருக்கு முகத்தில் மட்டும் கண் இல்லை, முதுகிலும் உண்டு.

"ஏய்! அழுக்குத் துணிய எதுக்கு உள்ள கொண்டார்ற? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

 மூன்று துணியையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன்.

"போ வெளிய! பேகா, சீக்கிரம் போ!"

"மூணும் ஏழாம் நம்பரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "மூணு வேளையும் சிஸ்டர். பாலு உள்ள போகல. கை நடுங்குது."

எண்ணுகிற வாய் ஒரு நொடி நின்றது. அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சிஸ்டரின் விரலைப் பிடித்து அந்தச் சின்னதின் நெஞ்சில் வைத்தார். "நீ எண்ணு. நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு ஏழாம் நம்பருக்கு ஓடினார்.

குதிகாலில் குத்தினார். அவன் காலை இழுக்கவில்லை. அழவில்லை. குத்தினாலும் அழாத பிள்ளையை அப்போதுதான் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தத்தைச் சீட்டில் தொட்டு, டப்பாவில் இருக்கிற நிறத்தோடு ஒட்டிப் பார்த்தார். நிறமே ஏறவில்லை.

"டாக்டர், சுகர் இல்ல!"

"எஷ்டிதே?" எவ்வளவு இருக்கிறது என்று அங்கிருந்தே கேட்டார் டாக்டர்.

"இல்லன்னு சொல்றேனே! இல்லவே இல்ல!"

டாக்டர் பையை இன்னொரு டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார். தாய்க்குச் சர்க்கரை ஏறியிருந்தால் பிறந்த பிள்ளைக்கு ரத்தத்தில் அது சட்டென்று இறங்கிவிடும் என்று பிற்பாடு சொன்னார்கள். உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். நரம்பு வேண்டும். இங்கேதான் ஒரு விஷயம். ஒரு கிலோப் பிள்ளைக்கு நரம்பு பச்சையாகத் தெரியும். இவனுக்குக் கொழுப்புக்குள் நரம்பு எங்கே என்று யாருக்குத் தெரியும்? கையில் குத்தினார், இல்லை. காலில் குத்தினார், இல்லை. பையனுக்குக் கண் ஒரு பக்கமாகச் செருகி, ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் மூன்றாவது இடம் தேடினார். அவர் நெற்றியில் வேர்வை.

"தொப்புள்ல போலாம் டாக்டர்" என்றார் சிஸ்டர். "பொறந்து ஒரு நாள்கூட ஆகல. கொடி இன்னும் ஈரமாதான் இருக்கு."

டாக்டர் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார். தொப்புள்கொடி வழியாகக் குளுக்கோஸ் போயிற்று.

நான் சுவரோரம் அந்த மூன்று துணியோடு நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்லவும் யாருக்கும் நேரமில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் முகம் சுருங்கிற்று. உதடு பிதுங்கிற்று. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அழுடா ராஜா" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். "அழு. இன்னும் ஜோரா அழு. யார் கேக்கப் போறா உன்ன."

அந்த மூலையில் சின்னதுக்கும் மூச்சு வந்திருந்தது. அது பிற்பாடு ஐம்பது நாள் எங்களோடு இருந்து, இரண்டு கிலோ ஆகி வீட்டுக்குப் போயிற்று. ஆனால் அன்றைக்கு நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எல்லாம் அடங்கின பிறகு சிஸ்டர் என்னை வெளியே கூப்பிட்டார். வேறு வார்டுதான் என்று நினைத்தேன்.

"துணிய உள்ள கொண்டாந்தியே, அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். "மூணாவது துணி வரைக்கும் எதுக்கும்மா காத்திருந்த? மொதல் துணி நனைஞ்சப்ப எங்க போன?"

"சமத்தா தூங்குறான்னு…"

"யாரு சொன்னா சமத்துன்னு?"

"நான்தான்."

 "நானும்தான் ஜாண மரின்னு சொன்னேன்" என்றார். மூக்கை உறிஞ்சிவிட்டு, "போ. போய் கைய கழுவு. நாத்தம்" என்றார்.

மறுநாள் காலையில் பார்த்தால் பத்துப் படுக்கைக்கும் பக்கத்தில் பத்துச் சின்ன எவர்சில்வர் தட்டு. நனைந்த துணி எதுவாக இருந்தாலும் அதில் விரித்துப் போட வேண்டும். பால் கொடுக்கிற சிஸ்டர் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் வெளியே கூடைக்குப் போக வேண்டும். நீங்கள் இன்றைக்கும் அந்தத் தட்டில் போடுகிறீர்கள் அல்லவா? எதற்கு இந்தத் தொல்லை, நேராகக் கூடையில் போட்டால் என்ன என்று உங்களில் ஒருத்தி கேட்டதாகச் சொன்னார்கள். இதற்குத்தான் பாப்பா. நாம் துடைக்கிறது வெறும் அழுக்கு இல்லை. பேச வராத பிள்ளை சொல்கிற சேதி அதில் இருக்கும். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கும் முன்னால் அதைத் துடைத்துவிடக் கூடாது. இன்னொன்று, படுக்கையில் பெரிசாகக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து இதற்கு ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். அந்த ரூமுக்குள் வந்த எந்தப் பிள்ளையும் சும்மா வரவில்லை.

கதை முடியவில்லை. ரேணுகா இருக்கிறாள்.

டாக்டர் மாடிக்குப் போய் அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டார். என் டியூட்டி மூன்றரைக்கு முடிந்தது. நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் படியிறங்கவில்லை. மேலே போனேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் புருஷன் பீன்யா ஃபேக்டரியிலிருந்து காக்கி உடுப்போடு வந்து, தலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பாலு வழிஞ்சத நான் மூணு தரம் தொடச்சுப் போட்டேம்மா" என்றேன். "யார்கிட்டயும் சொல்லல. எனக்குத் தெரியல."

அவள் திரும்பவில்லை.

"சமத்துன்னியேக்கா" என்றாள் சுவரைப் பார்த்து. "நான் சிரிச்சனே. அங்க அவன் துடிச்சிட்டு இருக்கசொல்ல நான் இங்க சிரிச்சிட்டு இருந்தனே."

  கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மூன்று நாளும் பால் வாங்க நான்தான் போனேன். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று சிஸ்டர் கேட்டார், வேண்டாம் என்றேன். என் தலை வாசலில் தெரிந்தால் ரேணுகா முன் மாதிரி நிமிர மாட்டாள். எதுவும் கேட்க மாட்டாள். கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி, கட்டிலோரம் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாளுக்கு நாள் பால் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அவன் செய்ததை எல்லாம் செய்த மாதிரியே சொல்லுவேன். விழுங்கினான், இத்தனை தரம் மூத்திரம் போனான், கையைத் தொட்டால் இழுத்துக்கொண்டான், இப்போது கொஞ்சம் சோர்வாகத் தூங்குகிறான், சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். நல்லது கெட்டது என்று நான் ஒரு பேரும் வைக்கவில்லை. அவள் கேட்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாது. சுவரிடம் சொல்கிற மாதிரிதான்.

ஐந்தாம் நாள் காலை. பால் கொடுக்கப் பத்து நிமிஷம் தாமதமாகிவிட்டது. ஏழாம் நம்பரிலிருந்து ஒரு அலறல். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, காலால் உதைத்துப் போர்வையைக் கீழே தள்ளி, கையில் கட்டியிருந்த பேர்ச் சீட்டையும் பிய்த்துப் போட்டிருந்தான். அவன் சத்தத்தில் பக்கத்துப் படுக்கைகள் இரண்டும் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தன. இன்சார்ஜ் சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "செக்யூரிட்டி வேலையா பண்றான்? இவனே கலாட்டா பண்ற ஆளு" என்றார்.

நான் அந்தச் சந்தோஷத்தோடு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் எதிரே ரேணுகா. ஒரு கையால் சுவரையும், ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஐந்து நாளில் முதல் தரம் நடக்கிறாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். மூச்சு வாங்கிற்று. கீழே கதவு மூடியிருந்தும் அந்தச் சத்தம் படி வரைக்கும் கேட்டது.

"யாருது அந்தச் சத்தம்?" என்றாள்.

மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் வார்த்தை.

"உன்னுதுதான்மா. பாலு லேட்டாயிடுச்சு. ஒதைக்கிறான், கத்துறான், பக்கத்துல ரெண்டையும் எழுப்பி வுட்டுட்டான். கலாட்டா ஜாஸ்தி."

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். அலறல் நிற்கவில்லை.

"சமத்து இல்லியே?" என்றாள்.

"இல்லம்மா. துளிகூட இல்ல."

ரேணுகா சுவரிலிருந்து கையை எடுத்து என் தோளில் வைத்தாள். முழுப் பாரத்தையும் என் மேல் போட்டுக்கொண்டு, அடுத்த படியில் காலை வைத்தாள்.